மாமியின் சட்டை

அம்பிட்டிய மேட்டில் பஸ் திரும்புகிற இடத்துக்குச் சற்று மேலே, பழைய பங்களா ஒன்றில் அந்தப் பூச்சியகம் இருந்தது. முன்பக்கத்து அறைகளில் வண்ணத்துப்பூச்சிகளும் பொன்வண்டுகளும். கூரையெல்லாம் கண்ணாடி, அறையெல்லாம் வெயில். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடுவார்கள். பின்பக்கம் மட்டும் வேறு. அங்கே இரண்டு கறுப்புத் திரைகளைத் தாண்டினால் பட்டப்பகலில் இரவு வந்துவிடும்.

அந்த அறைக்கு இராக்கூடம் என்று பெயர். இரவில் நடமாடுகிற பூச்சிகளைப் பகலில் வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகச் செய்த ஏமாற்று வேலை அது. ராத்திரி முழுவதும் உள்ளே வெள்ளை விளக்கு எரியும். அதுதான் பகல் என்று நம்பி அவை உறங்கும். காலை ஏழு மணிக்கு வெள்ளை விளக்கு அணைந்து மங்கலான சிவப்பு விளக்கு எரியத் தொடங்கும். அந்தச் சிவப்பு அவற்றின் கண்ணுக்கு அவ்வளவாக எட்டாது. இருட்டிவிட்டது என்று எண்ணி ஒவ்வொன்றாக வெளியே வரும்.

இடது பக்கச் சுவரில் பூச்சிகள். வலது பக்கச் சுவரில் பூச்சிகள் அல்லாதவை: தேள், சிலந்தி, பூரான், மரவட்டை. அந்த வரிசைக்கு மேலே ‘பூச்சிகளின் உறவினர்’ என்று பலகை எழுதி வைத்திருந்தார் பூச்சியகத்தின் சொந்தக்காரர் திருச்செல்வம். விலங்கியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அதைப் பாடப்புத்தகத்தில் இருப்பதுபோலத்தான் எழுதினார். வேறு மாதிரி வாசித்தவன் டிக்கட் கொடுக்கிற கணேஸ். பன்வில தோட்டத்துக்காரன்.

“உள்ள போங்க, போங்க. மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம் எல்லாம் வலது பக்கம். யாரும் மொய் வைக்க வேண்டாம், கையை மட்டும் உள்ள விட்றாதீங்க.”

அப்படித்தான் அந்த வரிசைக்கு முறைப்பெயர்கள் வந்தன. தேள் மச்சான். நீண்ட சாட்டைபோன்ற முன்கால்களால் தடவித் தடவி நடக்கிற சாட்டைச் சிலந்தி சித்தப்பா. கடைசிக் கூட்டில் இருந்த பெரிய புலிச்சிலந்தி மாமி. விரித்த கையளவு இருப்பாள். தெல்தோட்டைப் பக்கம் ரோட்டை அகலப்படுத்த வெட்டி விழுத்திய பலாமரத்தின் பொந்துக்குள் இருந்து, அனுமதிக் கடிதத்தோடு கொண்டுவரப்பட்டவள். காட்டில் எஞ்சியிருப்பவை கொஞ்சம். கடத்திக்கொண்டு போய் வளர்க்கிற ஆசைக்காரர்களோ வெளிநாடுகளில் நிறையப் பேர். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வனசீவராசித் திணைக்களத்திலிருந்து ஒருவர் வந்து மாமி இருக்கிறாளா என்று பார்த்துக் கையெழுத்து வைத்துவிட்டுப் போவார்.

ஹிதாயா அங்கே வேலைக்கு வந்து நான்கு வருடம். கட்டுகஸ்தோட்டையில் கூடப்பிறந்த நானாவின் குடும்பத்தோடு இருந்தாள். அந்த வீட்டில் டீவியும் மூன்று பிள்ளைகளும் மதினியின் போன் பேச்சும் ஒரு நிமிஷம் ஓய்வதில்லை. அவளுக்கோ வார்த்தைகளைச் செலவழிக்க மனம் வராது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து புத்தகம் வாசித்துக்கொண்டு வருவாள். பாதி வழியில் அதை மடியில் கவிழ்த்துவிட்டு, வாசித்த ஒரு வரியையே நினைத்துக்கொண்டு அம்பிட்டிய வரைக்கும் வந்துவிடுவாள். இராக்கூடத்தில் கண் இருட்டுக்குப் பழகும்வரை ஐந்து நிமிஷம் ஒன்றும் செய்யாமல் நிற்க வேண்டும். அந்த ஐந்து நிமிஷத்துக்காகவே அவள் காலையில் எழும்பினாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

யசோதா அவளோடு ஒரே நாளில் சேர்ந்தவள். கண்டி டவுனில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள். வெளியே வாயாடி. ஆனால் திரைக்கு உள்ளே வந்துவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஒரு சொல் பேசாமல் இருக்கத் தெரிந்தவள். மச்சான் ஒரு கரப்பானைப் பிடிப்பதை இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். பார்த்து முடிந்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அவ்வளவுதான். அதைவிடப் பெரிய சிநேகம் உலகத்தில் இருப்பதாக ஹிதாயாவுக்குத் தோன்றவில்லை.

காலை ஏழிலிருந்து ஒரு மணி வரை யசோதா. பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை ஹிதாயா. இடையில் வருகிற ஒரு மணி நேரத்தில் பின்பக்கக் குசினியில் சேர்ந்து சாப்பிடுவார்கள். கண்டதை எழுத இருவருக்கும் ஒரே கொப்பி. காலைக்கு ஒரு கட்டம், மாலைக்கு ஒரு கட்டம். முன்னவர் எழுதியதுபோலவே எல்லாம் இருந்தால் யசோதா ‘மேற்படி’ என்று ஒரு சொல் மட்டும் போடுவாள். அவளுடைய அப்பாவின் கடைக் கொப்பிகளில் இருந்து வந்த பழக்கம். ஹிதாயா அப்படிப் போடமாட்டாள். ஒன்றும் நடக்காத நாளிலும் ‘அசைவில்லை’ என்று முழுதாக எழுதுவாள். அசையாமல் இருப்பதும் அவளுக்கு ஒரு சங்கதிதான்.

ஹிதாயாவின் பேச்சில் ‘இருக்கு’ என்பது ‘ஈக்கு’ என்றுதான் வரும். அவளுடைய வீட்டில் எல்லோருக்கும் அப்படித்தான். யசோதா விடமாட்டாள்.

“சித்தப்பா கல்லுக்குக் கீழ ஈக்கு.”

“ஈக்கு என்ன வேணுமாம்? சோறா, தண்ணியா?”

“சும்மா இரு யசோ.”

“இல்லடி, பூச்சியகத்துல வேலை செய்றோம், ஈக்கு என்ன வேணும்னு கேக்குறது நம்ம கடமை.”

நான்கு வருடமாக ஒரே பகிடி. ஒவ்வொரு முறையும் ஹிதாயாவுக்குச் சிரிப்பு வந்தது.

புலிச்சிலந்தி வளர்ந்த பிறகு வருடத்துக்கு ஒரு தடவை சட்டை கழற்றும். மல்லாந்து படுத்து, பழைய தோலுக்குள்ளிருந்து கால் காலாக உருவிக்கொண்டு வெளியே வரும். வந்த பிறகு சில நாட்கள் உடம்பு வெண்ணெய்போல மெதுவாக இருக்கும். அந்த நாட்களில் யாராவது கூட்டைத் தட்டினால், வெளிச்சம் அடித்தால், பயந்து ஓடிக் கால் முறிந்து போகலாம். இரையாகப் போடுகிற சுவர்க்கோழிப் பூச்சியே திரும்பி மாமியைக் கடித்துத் தின்றுவிடலாம். அதனால் ஹிதாயா ஒரு சட்டம் செய்தாள். பன்னிரண்டு நாள் கூட்டைத் திறக்கக் கூடாது, டோர்ச் அடிக்கக் கூடாது, இரை போடக் கூடாது. கூட்டின் மேல் கறுப்புத் துணி தொங்கும். துணியின் நடுவில் உள்ள நான்கு விரல் இடைவெளி வழியாக, இரண்டடி தள்ளி நின்று, ஒரு நிமிஷம் பார்க்கலாம். துணியில் குத்துவதற்கு ஒரு அட்டையும் அவளே எழுதினாள்:

‘மாமி சட்டை மாற்றுகிறாள். யாரும் சட்டை பண்ணாதீர்கள்.’

திருச்செல்வம் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். சிங்களத்திலும் இங்கிலீசிலும் அந்தப் பகிடி வராது என்பதால் அவற்றில் வெறும் ‘தொந்தரவு செய்ய வேண்டாம்’ என்று போடச் சொன்னார்.

சென்ற வருடம் மாமி கழற்றிய சட்டையை இருவருமாகச் சேர்ந்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். கழற்றிய சட்டை என்றால் பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்கள். மயிர், நகம், கோடுகள் எல்லாம் அப்படியே இருக்கும். யசோதா கேத்தல் ஆவியில் பிடித்து அதன் சுருண்ட கால்களை இளக்கினாள். மெல்லிய ஊசிகளால் ஒவ்வொரு காலையும் விரித்துக் குத்தினாள். அந்த வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை. இடது பக்கத்து மூன்றாம் காலை எடுத்துக் கொடுக்கும்போது ஹிதாயாவின் விரல் பட்டு அது முறிந்துபோனது. அழுகை வந்துவிட்டது அவளுக்கு. பிறகு கோந்தில் தேயிலைத் தூளைக் குழைத்து, நிறம் தெரியாதபடி ஒட்டினாள். ஒட்டிய இடத்தில் கடுகளவு ஒரு முடிச்சு. “யாருக்கும் தெரியாது, விடு” என்றாள் யசோதா. பெட்டி அலுவலக அலுமாரிக்குள் போனது.

இந்த வருடம் மாமி சட்டை கழற்றத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று மத்தியானம் ஹிதாயா வந்தபோது யசோதா திரைக்கு வெளியிலேயே காத்து நின்றாள். இரண்டு கைகளும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன.

“மாமி மல்லாந்து படுத்துட்டாடி! எட்டே முக்காலுக்கு. துணியும் போட்டுட்டேன், அட்டையும் குத்திட்டேன். தண்ணிச் சட்டி எல்லாம் கழுவிக்கிட்டு இருக்கேன், கை ஈரம். நீயே எழுதிரு.”

ஹிதாயா காலைக் கட்டத்தில் எழுதினாள்: ‘8.45. மாமி சட்டை கழற்றத் தொடங்கிவிட்டாள்.’

மூன்று மணிக்கு இடைவெளி வழியாகப் பார்த்தபோது மாமி நிமிர்ந்து, மரப்பட்டையில் எட்டுக் கால்களையும் விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது.

“கழற்றின சட்டை எங்க?” என்று அடுத்த நாள் சாப்பிடும்போது கேட்டாள்.

“பட்டைக்குப் பின்னாடி விழுந்து கிடக்கு. துணி எடுக்கிற அன்னைக்கு எடுப்போம். இந்த வருஷம் பதினஞ்சு நாள் விடுவோமா? மாமிக்கு வயசாகுதுல்ல.”

“விடுவம்” என்றாள் ஹிதாயா. தன் மனதில் இருந்ததை யசோதா சொல்லிவிட்டதாக அவளுக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாலையும் அவள் இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள். எழுதினாள்: ‘அசைவில்லை.’ ஆறாம் நாள் வெகுநேரம் நின்றாள். கண் நீர் கோத்துவிட்டது. ‘வலது முன்கால் சற்று அசைந்தது போல’ என்று எழுதினாள். மறுநாள் காலைக் கட்டத்தில் யசோதா ‘மேற்படி’ என்று போட்டிருந்தாள். அதைப் பார்த்த ஹிதாயாவுக்கு நெஞ்சு நிறைந்தது. அவளும் பார்த்திருக்கிறாள்.

பத்தாம் நாள் வியாழக்கிழமை. கணேஸ் சுவர்க்கோழிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இராக்கூடத்துக்குள் வந்தான். இருட்டில் முதல் திரையைத் தாண்டியவனுக்கு இரண்டாவது திரை முகத்தில் சுற்றிக்கொண்டது. பெட்டி கீழே விழுந்தது.

“ஐயோ அக்கா, போச்சுங்க! எல்லாம் போச்சு! கல்யாண விருந்து தானா நடந்து போகுதுங்க!”

“லைட்டப் போடாதீங்க கணேஸ். மிதிச்சிராம நில்லுங்க.”

இருவரும் முழங்காலில் நின்று கைகளால் பொத்திப் பொத்திப் பிடித்தார்கள். இருபத்தைந்துக்குப் பதினெட்டுத்தான் கிடைத்தது. கணேஸ் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்விட்டான். ஹிதாயா தூசியைத் தட்டிக்கொண்டு எழும்பினாள். அப்போது கடைசிக் கூட்டின் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது.

கிறீச், கிறீச்.

துணிக்கு உள்ளே.

கூட்டின் அடிப்பக்கக் கம்பிவலை ஒரு மூலையில் விலகியிருந்தது அவளுக்குத் தெரியும். கட்டச் சொல்லி இரண்டு முறை எழுதியிருக்கிறாள். அவள் இடைவெளியில் கண்ணை வைத்தாள். மரப்பட்டையின் அடியில் ஒரு சுவர்க்கோழி. மீசையை ஆட்டி ஆட்டி மேலே ஏறிக்கொண்டிருந்தது. மாமிக்கு நேராக.

உடம்பு இறுகியிருக்குமா? பத்து நாள்தானே. வயசானவள். கடித்துவிட்டால்?

அதற்குள் நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒன்று உள்ளே வந்து அவளுக்குப் பின்னால் நின்றது. சின்னப் பிள்ளை ஒன்று அவளுடைய கைக்கு அடியில் தலையை நுழைத்து இடைவெளியில் பார்த்தது.

“உம்மா, பாருங்க! மாமிக்கு மேல ஏறி ஈக்குது!”

சுவர்க்கோழி மாமியின் பின்காலில் ஏறியது. முதுகில் ஏறியது. அங்கே நின்று ஒரு மீசையை வாயால் இழுத்துச் சுத்தம் செய்தது. பிறகு மற்ற மீசையை. பிறகு சிறகைத் தூக்கிப் பாடத் தொடங்கியது. பிள்ளையின் தகப்பன் வாய்விட்டுச் சிரித்தார்.

“மருமகன் போல. பயமே இல்ல!”

ஹிதாயா தன் சட்டத்தைத் தானே மீறினாள். துணியை இழுத்து விலக்கினாள். கதவைத் திறந்தாள். சுவர்க்கோழியை விரட்ட, கூடு துடைக்கிற தூரிகையை எடுத்து நீட்டினாள். இருட்டில் தூரிகையின் முனை மாமியின் தோளில் பட்டது. மின்னல்போல ஓடியிருக்க வேண்டியவள் ஓடவில்லை. காகிதம் உரசுவதுபோலச் சரசரத்தாள்.

இடுப்பிலிருந்த டோர்ச்சை எடுத்து அடித்தாள். கால்களுக்கிடையே ஊசித்தலைகள் மினுங்கின. இடது பக்கத்து மூன்றாம் காலில், கடுகளவு, தேயிலைத் தூள் முடிச்சு.

பட்டைக்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

“என்ன சின்னம்மா, மவுத்தாகிட்டா?” என்று பிள்ளை கேட்டது. தாய் அதன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

ஹிதாயா கதவை மூடினாள். துணியைப் பழையபடி போட்டாள். அட்டை விழுந்திருந்தது, எடுத்துக் குத்தினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. சுவர்க்கோழி உள்ளே பாடிக்கொண்டே இருந்தது.

மணி பன்னிரண்டே முக்கால். யசோதா குசினியில் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிக்கொண்டு நின்றாள். ஹிதாயா வாசலில் நின்றாள்.

“யசோ. கூட்டுல மாமி இல்ல. போன வருஷத்துச் சட்டை மட்டும்தான் ஈக்கு.”

யசோதா தண்ணீர்க்குழாயைப் பூட்டினாள். துணியில் கையைத் துடைத்தாள். பெட்டியை மூடினாள். ஈக்கு என்ன வேணும் என்று அவள் கேட்கவில்லை.

அந்தப் பகிடி வராமல் போன இடத்தில்தான் ஹிதாயாவுக்கு எல்லாம் விளங்கியது. அதுவரைக்கும் அலுமாரியை யாரோ திறந்திருக்கிறார்கள், யாரோ வந்திருக்கிறார்கள் என்று அவளுடைய மனம் ஒரு யாரோவைத் தேடி ஓடிக்கொண்டிருந்தது.

“கதவைச் சாத்து” என்றாள் யசோதா.

சாத்தினாள்.

“துணியைத் தொறக்கமாட்டேன்னு நெனச்சேன். சனிக்கிழமை வரைக்கும்.”

“சனிக்கிழமை என்ன?”

“என் ஃபிளைட்.”

ஹிதாயா கதிரையில் உட்கார்ந்தாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால், ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு வெளிநாட்டுக்காரர் ஒரு வாரம் தொடர்ந்து வந்தார். இருவரிடமும் தனித்தனியே பேசினார். தன்னுடைய ஊரில் பெரிய பூச்சியகம் ஒன்றில் வேலை இருக்கிறது, கடிதம் தருகிறேன் என்றார். பதிலுக்கு மாமி. ஹிதாயா மாட்டேன் என்றாள். அன்றே யசோதாவிடமும் சொன்னாள். யசோதா அவளுடைய தோளில் தட்டி, “நல்லாச் சொன்னடி. நாய்ப் பிழைப்பு” என்றாள்.

“நல்லாச் சொன்னாய் எண்டு சொன்னியே” என்றாள் ஹிதாயா இப்போது.

“நல்லாத்தான் சொன்ன. நீ சொல்லலாம். உனக்கு இந்த இருட்டு போதும். எனக்கு முப்பத்தொன்பது வயசு ஹிதா. இந்தச் செவப்பு லைட்டுல நான் இன்னும் எத்தனை வருஷம் உக்காந்திருக்கணும்?”

“ஒனக்கும் இது விருப்பம் எண்டுதான் நான்...”

“நான் பேசாம இருந்தேன். அவ்வளவுதான். நீ அதை விருப்பம்னு நெனச்சுக்கிட்ட.”

வெளியே வண்ணத்துப்பூச்சி அறையில் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். குசினிக்குள் நெடுநேரம் யாரும் பேசவில்லை. நான்கு வருடமாக இப்படி எத்தனை தரம் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். ஹிதாயா அந்த மௌனங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எதற்குள்ளே ஆள் இருந்தது, எது வெறும் சட்டை என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“எப்ப கொண்டு போனாங்க?”

“அந்த செவ்வாய்க்கிழமையே. காலையில.”

“துணி நனைச்சு வெச்சியா? மாமி போன பெட்டிக்குள்ள?”

“வெச்சேன். ஓட்டையும் போட்டேன். உயிரோடதான் போயிருக்கா. சத்தியமா.” யசோதா அவளுக்கு முன்னால் குந்தினாள். “ரெண்டே நாள் பேசாம இரு ஹிதா. உன்கிட்ட வேற ஒண்ணும் கேக்கல. பேசாம இருக்கிறது உனக்குப் புதுசா?”

ஹிதாயா எழும்பி இராக்கூடத்துக்குப் போனாள். போகும்போது, சரி, பேசாமல்தான் இருக்கப்போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மாமி போய்விட்டாள். கத்தினால் திரும்பி வரமாட்டாள். இரண்டு நாள். அதன் பிறகு துணியைத் திறந்து, கண்டதைச் சொன்னால் போதும்.

சிவப்பு விளக்கின் அடியில் கொப்பியை எடுத்தாள். அன்றைய மாலைக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று பார்ப்பதற்காகப் பக்கத்தைப் பின்னால் புரட்டினாள்.

‘8.45. மாமி சட்டை கழற்றத் தொடங்கிவிட்டாள்.’ அவளுடைய கையெழுத்து.

‘அசைவில்லை.’ அவளுடைய கையெழுத்து. ‘அசைவில்லை.’ ‘அசைவில்லை.’ ‘வலது முன்கால் சற்று அசைந்தது போல.’ ‘அசைவில்லை.’ எல்லாம் வட்டமான, பிசகில்லாத அவளுடைய எழுத்து. காலைக் கட்டங்களில் மட்டும் யசோதா. ஒன்பது நாளும் ஒரே சொல். மேற்படி. மேற்படி. மேற்படி.

கை ஈரம், நீயே எழுதிரு.

அவள் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அன்றைக்கு அந்தக் கைகள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. தண்ணீர்ச் சட்டி கழுவிக்கொண்டிருந்தவள் கையைத் துடைக்காமல் திரைக்கு வெளியே வந்து காத்து நிற்கமாட்டாள். வேண்டுமென்றே நனைத்த கை அது. கொப்பியில் ஒரு பொய்கூட யசோதாவின் எழுத்தில் இல்லை. அவள் ஹிதாயா சொன்னதை ஆமோதித்தவள், அவ்வளவுதான். சனிக்கிழமைக்குப் பிறகு யார் வந்து கேட்டாலும், கடைசியாக மாமியைக் கண்டவள், அசைந்தாள் என்றுகூட எழுதியவள், சட்டையின் காலை ஒட்டியவள் எல்லாம் ஒருத்திதான்.

அவள் செய்த சட்டமே கதவைப் பூட்டி வைத்திருந்தது. அவள் தொடமாட்டாள், வெளிச்சம் அடிக்கமாட்டாள், பொய் எழுதமாட்டாள் என்று யசோதா அவளை நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கையின் மேல்தான் பெட்டி போயிருக்கிறது. இவ்வளவு நன்றாகத் தன்னை அறிந்து வைத்திருந்த வேறொருவர் உலகத்தில் இல்லை என்று நினைத்தபோது அவளுக்கு அன்று முதல் முறையாக அழுகை வந்தது.

அழுது முடித்து, பேனாவை எடுத்தாள். மாலைக் கட்டத்தில் எழுதினாள்: ‘12.30. கூட்டில் மாமி இல்லை. இருப்பது சென்ற வருடத்துச் சட்டை. இடது மூன்றாம் காலில் ஒட்டு. மாமி செவ்வாய்க்கிழமை காலையே கொண்டுபோகப்பட்டாள். அன்று எட்டே முக்காலுக்கு நான் இங்கு இருக்கவில்லை. கேட்டதை எழுதினேன்.’

யசோதா வாசல் கேட்டுக்குப் போகிற வழியில், கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். ஹிதாயா கொப்பியை அவளுக்கு முன்னால் விரித்தாள். பேனாவை நீட்டினாள்.

“வாசி.”

வாசித்தாள்.

“இதுக்குக் கீழ மேற்படி போடு.”

“போட்டா நான் போக முடியாது.”

“போடாட்டி நான் இங்க நிக்க ஏலா.”

யசோதா பேனாவை வாங்கினாள். வாங்கியபோது ஹிதாயாவின் நெஞ்சு ஒரு கணம் லேசானது. அதற்காகவும் அவள் பின்னர் தன்னை மன்னிக்கவில்லை. யசோதா பேனாவின் மூடியை எடுத்து, முனையில் பொருத்தி, அழுத்தி மூடி, கொப்பியின் மேல் வைத்தாள்.

“நீ சொல்லமாட்டேன்னு எனக்குத் தெரியும்” என்றாள். மிரட்டலாகச் சொல்லவில்லை. பழைய சிநேகத்தின் குரலில்தான் சொன்னாள். பிறகு வளைவில் இறங்கி பஸ் நிற்கிற பக்கம் போனாள்.

“என்னங்க அக்கா, யசோக்கா டாட்டா கூட காட்டாமப் போறாங்க? சண்டையா?” என்றான் கணேஸ், டிக்கட் ஜன்னலுக்குள்ளிருந்து.

ஹிதாயா திருச்செல்வத்தின் அறைக் கதவைத் தட்டினாள். அவர் அழைக்காமல் அவள் அந்த அறைக்குள் போனது நான்கு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

“வாரும் பிள்ளை. என்ன, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?”

அவள் நின்றுகொண்டே சொன்னாள். பலாமரத்திலிருந்து அல்ல, வெள்ளைத் தொப்பியிலிருந்து தொடங்கி, ஈரக்கை, துணி, சுவர்க்கோழி, சனிக்கிழமை வரைக்கும் சொன்னாள். இவ்வளவு நீளமாகப் பேசிப் பழக்கமில்லாததால் இடையில் தொண்டை வறண்டது. அவர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். பிறகு கொப்பியை வாங்கி, முதலிலிருந்து விரல் வைத்துப் படித்தார்.

“இதிலை அவளின்ரை எழுத்து ஒண்டும் இல்லையே.”

“இல்ல சேர்.”

“மேற்படி மட்டும்தான் கிடக்கு.”

“ஓ சேர், அது மட்டும்தான்.”

“அசைஞ்சது எண்டும் எழுதிக் கிடக்கு. இது நீர்தானே?”

“நான்தான் சேர். அசஞ்சிச்சி எண்டு எனக்கு வெளங்கிச்சி. அசயணும் எண்டு பாத்துக்கொண்டு நிண்டேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். சிரிக்கவில்லை.

“ஆர் நம்புவினம் பிள்ளை?”

“தெரியா சேர்.”

“திணைக்களத்துக்குச் சொன்னால் உம்மடை பேரையும்தான் கேப்பினம். பூச்சியகத்தையும் மூடச் சொல்லுவினம். யோசிச்சுத்தான் வந்தனீரோ?”

“யோசிச்சிக்கொண்டு இருந்தா சனிக்கிழமை வந்துரும்.”

அவர் வெகுநேரம் அவளைப் பார்த்தார். நம்புகிறாரா என்று அந்த முகத்திலிருந்து அவளால் வாசிக்க முடியவில்லை. முகங்களை வாசிக்கலாம் என்கிற எண்ணமே அன்றோடு அவளை விட்டுப் போயிருந்தது. கடைசியில் அவர் போனை எடுத்தார். இலக்கத்தை அழுத்திவிட்டு, “இராக்கூடத்துத் திறப்பை இதிலை வைச்சிட்டுப் போம்” என்றார், அவளிடமிருந்த சாவியையும் மேசையையும் காட்டி.

வைத்தாள். “அஞ்சு மணி மட்டும் நிக்கவா சேர்? ஆக்கள் வாராங்க.”

அவர் போனைக் காதில் வைத்தபடி தலையசைத்தார்.

இராக்கூடத்தில் கண் பழகும்வரை ஐந்து நிமிஷம் நின்றாள். சித்தப்பா கல்லின் மேல் வந்து நீண்ட காலால் காற்றைத் தடவிக்கொண்டிருந்தார். மச்சான் அசையவில்லை. அவள் கடைசிக் கூட்டுக்குப் போய் அட்டையை எடுத்தாள், துணியைக் கழற்றி மடித்தாள். சுவர்க்கோழி சட்டையின் முதுகிலேயே இருந்தது.

திரையை விலக்கிக்கொண்டு ஒரு இளம் ஜோடி உள்ளே வந்தது. அந்தப் பெண் மாமியைப் பார்த்ததும் மூச்சை இழுத்துக்கொண்டு அவனுடைய கையைப் பிடித்தாள்.

“உசிரோட இருக்கா?” என்று கேட்டான் அவன், மெதுவாக.

“இல்ல” என்றாள் ஹிதாயா. “அது சட்டை. மேல நிக்கிறதுதான் உசிரோட ஈக்கு.”